நந்தனுக்கு வில்லன் வைத்தவர்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள எங்கள் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடியும் வரை போகும். துரியோதனன் சட்டென்று வந்து நின்றுவிட மாட்டார். ரெண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னாலிருந்தே பாடுவார். சலங்கைச் சத்தம் கேட்கும், கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும். சின்ன வயதில் நான் பாதியிலேயே தூங்கிவிடுவேன். திடீரென்று முழித்துப் பார்த்தால் யாரோ ஒருத்தர் அழுதுகொண்டே பாடிக்கொண்டிருப்பார். வார்த்தை பாதி புரியாது. ஆனால் ஏதோ பெரிய அநியாயம் நடந்துவிட்டது என்று மட்டும் நல்லாப் புரியும்.

காலேஜ் வந்த பிறகு ஹாஸ்டலில் ஒருத்தன் லேப்டாப்பில் ஒபேரா வீடியோ ஒன்று போட்டான். இத்தாலியக்காரர் வெர்டி எழுதிய லா டிராவியாட்டா. கடைசிக் காட்சி. காசநோயில் சாகக் கிடக்கிற பெண் படுக்கையை விட்டு எழுந்து பாடுகிறாள், பாடுகிறாள், பாடிக்கொண்டே இருக்கிறாள். ரூம் முழுக்கச் சிரிப்பு. இவ்வளவு மூச்சு இருந்தால் ஏன் சாகணும் என்று ஒருத்தன் கமென்ட். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது நம்ம ஊர்க் கூத்து மாதிரியே இருக்கே என்றுதான் தோன்றியது. பேசித் தீராததைப் பாடித் தீர்க்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. நம்ம கர்நாடக சங்கீதத்தில் இப்படி எதுவும் இல்லையா? டிசம்பர் கச்சேரி என்றால் உட்கார்ந்து பாடுவார்கள், சாமியைக் கூப்பிடுவார்கள், தனி ஆவர்த்தனம் வந்தால் பாதிப் பேர் கேன்டீனுக்குப் போவார்கள். அதில் கதை எங்கே இருக்கிறது? இப்படித் தேடப் போய்த்தான் கோபாலகிருஷ்ண பாரதியிடம் மாட்டிக்கொண்டேன். சுப்பிரமணிய பாரதி இல்லைங்க, இவர் வேற. ஆனால் அவரும் கொஞ்ச நேரத்தில் இந்தக் கதைக்குள் வருவார்.

வெர்டி பிறந்தது 1813-இல். அதற்கு ரெண்டு மூணு வருஷம் முன்னால், 1810-11 வாக்கில், நாகப்பட்டினம் பக்கத்தில் நரிமணத்தில் பிறந்தவர் கோபாலகிருஷ்ணன். நரிமணம் என்றால் நம்ம பசங்களுக்கு ஓஎன்ஜிசியும் எண்ணெய்க் கிணறும்தான் ஞாபகம் வரும். அந்த ஊரில் வழிவழியாக வீணை வாசித்த குடும்பம். அப்பா ராமசாமி பாரதி. பாரதி என்பது குடும்பப் பட்டம். சின்ன வயதிலேயே அப்பா அம்மா போய்விட்டார்கள். அதன்பிறகு அவருக்குச் சொந்த வீடு என்று ஒன்று அமையவே இல்லை என்று சொல்லலாம். முடிகொண்டான், ஆனந்ததாண்டவபுரம், மாயவரம் என்று காவிரிக் கரை ஊர்களிலேயே வாழ்க்கை ஓடியது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிதம்பரம் நடராஜர் மேல் பைத்தியம். வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் காது மட்டும் எல்லாத் திசையிலும் திறந்திருந்தது. தஞ்சாவூரில் அப்போது மராத்தியர் ஆட்சி, அதனால் மராத்திக் கதைப் பாட்டும் இந்துஸ்தானியும் காவிரிக் கரைக்கு வந்து சேர்ந்திருந்தன. திருவிடைமருதூரில் ராமதாஸ் என்ற வித்வானிடம் இந்துஸ்தானி கற்றார் பாரதி. கனம் கிருஷ்ணையர் போன்ற பெரிய பாடகர்களின் பாட்டைக் கேட்டு வளர்ந்தார். திருவையாறு போய்த் தியாகராஜரைப் பார்த்ததாகவும் ஒரு கதை உண்டு. ஆபோகி ராகத்தில் ஏதாவது செய்திருக்கிறீர்களா என்று தியாகராஜர் கேட்டாராம், இல்லை என்று சொன்னவர் மறுநாளே சபாபதிக்கு என்ற கீர்த்தனையோடு வந்து நின்றாராம். இது அப்படியே நடந்ததோ இல்லையோ, அந்தக் கீர்த்தனை இன்றைக்கும் மேடைகளில் ஓடுகிறது. அசைன்மென்ட்டை மறுநாளே சப்மிட் செய்த ஒரே ஆள் இவராகத்தான் இருக்கணும்.

இப்படி இருந்தவர் நடுவயதில் எடுத்துக்கொண்ட வேலைதான் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை.

நந்தனார் கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். சிதம்பரம் போய் நடராஜரைப் பார்க்கணும் என்று ஆசை. நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் திருநாளைப்போவார் என்று பெயர். இந்தக் கதை வளர்ந்த விதமே சுவாரசியம். முதலில் சுந்தரர் அடியார்கள் பட்டியலில் இவரைப் பெயரளவில் சொல்லிவிட்டுப் போகிறார். நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டு பாடுகிறார். பிறகு 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் 37 பாட்டு எழுதுகிறார். (சேக்கிழார் ஊர் குன்றத்தூர், எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம்தான். சும்மா ஒரு பெருமைக்குச் சொல்லி வைக்கிறேன்.)

சேக்கிழார் சொல்கிற நந்தனார் ஆதனூர்க்காரர். கோயில் முரசுக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுக்கிறவர். தான் கொடுத்த தோல் உள்ளே முழங்கும், தான் மட்டும் வாசலில் நிற்கணும். திருப்புன்கூரில் அவருக்குச் சிவலிங்கம் தெரியவில்லை, நந்தி மறைக்கிறது. சிவன் நந்தியை விலகச் சொல்கிறார். இன்றைக்கும் வைத்தீஸ்வரன்கோயில் பக்கத்தில் திருப்புன்கூர் போனால் அந்த நந்தி நேர்கோட்டில் இல்லாமல் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறது. அதன் பிறகு சிதம்பரம். ஊருக்கு வெளியே தயங்கி நிற்கிறார். அவர் கனவிலும் தில்லை அந்தணர் கனவிலும் இறைவன் வருகிறார். தீ மூட்டுகிறார்கள், நந்தனார் அதில் இறங்கி, பூணூல் போட்ட முனிவராக எழுந்து, உள்ளே போய் மறைகிறார்.

இதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். இந்த 37 பாட்டில் நந்தனாரை யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அவரே தன் பிறப்பை நினைத்துத் தயங்குகிறார், அவரே நாளை என்கிறார். எதிரில் ஆள் இல்லை. பக்திக்கு அது போதும். நாடகத்துக்குப் போதாது. பல்பு எரிவது ஃபிலமென்ட் கரன்ட்டை எதிர்ப்பதால்தான். எதிர்ப்பே இல்லாத கம்பியில் எவ்வளவு கரன்ட் ஓடினாலும் வெளிச்சம் வராது.

கோபாலகிருஷ்ண பாரதி அந்த ஃபிலமென்ட்டைக் கொண்டுவந்தார். வேதியர் என்று ஒரு பிராமண நிலச்சுவான்தார். நந்தன் அவரிடம் பண்ணையாள். அதாவது இனி இது நந்தனுக்கும் சிவனுக்கும் நடுவில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. சிதம்பரம் போகணும் என்றால் முதலாளியிடம் லீவு கேட்கணும்! முதலாளி திட்டுகிறார், கேலி செய்கிறார், உன் பிறப்புக்குச் சிதம்பரம் ஒரு கேடா என்கிறார். கடைசியில் ஒரு கண்டிஷன் போடுகிறார். நாற்பது வேலி நிலத்திலும் பயிர் வேலையை முடித்துவிட்டு அப்புறம் போய்க்கோ என்கிறார்.

வேலி என்பது தஞ்சாவூர்ப் பக்கத்து நில அளவு. ஒரு வேலி சுமார் ஆறே முக்கால் ஏக்கர். நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். ஒரு ஆள். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அந்தக் கண்டிஷனின் கொடூரம் தெரிகிறது. போகக்கூடாது என்று அவர் சொல்லவில்லை, போகலாம் என்றுதான் சொல்கிறார். அட்டென்டன்ஸ் இருந்தால் ஹால் டிக்கெட் தருவோம் என்கிற மாதிரி.

வேலி என்ற வார்த்தை எனக்குப் புதுசு இல்லை. எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919-ஆம் வருஷத்தது ஒன்று, 921-ஆம் வருஷத்தது ஒன்று. ஜனநாயகத்தின் தொட்டில் என்று சொல்லி ஸ்கூலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட என்னென்ன தகுதி வேணும் என்று அதில் வரிசையாக இருக்கிறது. அதில் ஒன்று, வரி கட்டும் நிலம் கால் வேலியாவது சொந்தமாக இருக்கணும் என்பது. வேதம் படித்தவருக்கு அதிலும் சலுகை உண்டு. ஊரே பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அந்தக் கால் வேலியில் நாற்று நட்டவன் பேர் ஓலையில் வராது. நந்தனார் சரித்திரத்தைப் படித்த பிறகு அந்தச் சுவரை முன்மாதிரி என்னால் பார்க்க முடியவில்லை. பெருமை போகவில்லை. கூடவே இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்போது பாரதி எங்கே உட்கார்ந்து இதை எழுதினார் என்று பாருங்கள். அவரே பிராமணர். அவருக்குச் சோறு போட்டது ஆனந்ததாண்டவபுரம் மாதிரி ஊர்களின் மிராசுதார்கள். திண்ணையில் உட்கார்ந்தால் எதிரில் வயல். பண்ணையாள் கைகட்டி நிற்பதும், மிராசுதார் அவனை அதட்டுவதும் அவர் தினமும் பார்த்த காட்சியாகத்தான் இருக்கும். சேக்கிழாரிடம் இல்லாத வேதியரை அவர் எந்தப் புராணத்திலிருந்தும் எடுக்கவில்லை. தான் சாப்பிட்ட வீட்டுத் திண்ணையிலிருந்து எடுத்திருக்கிறார் என்பது என் ஊகம். தன்னை ஆதரித்த வர்க்கத்தையே வில்லனாக்கி, அந்த வர்க்கத்தின் முன்னாலேயே உட்கார்ந்து பாடியிருக்கிறார் மனுஷன்.

இந்த இடத்தில் வெர்டி மறுபடியும் ஞாபகம் வருகிறார். லா டிராவியாட்டா 1853-இல் வெனிஸில் மேடையேறியது. கதையைத் தன் காலத்திலேயே, அன்றைக்கு ஜனங்கள் போட்ட உடையிலேயே நடத்தணும் என்று வெர்டி ஆசைப்பட்டார். அதிகாரிகள் விடவில்லை. சுமார் 1700-இல் நடந்ததாகத் தள்ளி வைத்தார்கள். நூற்றைம்பது வருஷம் தள்ளிப்போனால் யாருக்கும் உறுத்தாது இல்லையா. ஏறக்குறைய அதே காலகட்டத்தில் இங்கே ஒருவர் நேர் எதிர் திசையில் போயிருக்கிறார். ஆயிரம் வருஷத்துப் பழைய அடியாரைப் பிடித்து இழுத்துவந்து தன் காலத்து மிராசுதார் முன்னால் கைகட்டி நிறுத்திவிட்டார். தடுக்க இங்கே சென்சார் இல்லை. பக்திக் கதைதானே என்று விட்டிருப்பார்கள்.

சரி, இசைக்கு வருவோம். ஒபேராவில் கதையை நகர்த்துகிற பகுதி ஒன்று, பேச்சு மாதிரியே இருக்கும். கதையை நிறுத்திவிட்டு ஒருவர் மனசைக் கொட்டுகிற பகுதி இன்னொன்று, அதற்கு ஆரியா என்று பெயர். பாரதியிடம் ரெண்டும் இருக்கிறது. விருத்தமும் வசனமும் கதையைத் தள்ளிக்கொண்டு போகின்றன. கீர்த்தனை வந்தால் கடிகாரம் நின்றுவிடும். நடுவில் நொண்டிச் சிந்து, கண்ணி, மராத்தியிலிருந்து வந்த மெட்டுகள் எல்லாம் வருகின்றன. சேரியில் ஒரு பெரிய கிழவன் பாத்திரம் உண்டு. நமக்கு நம்ம குலசாமி போதாதா, உனக்கெதுக்குச் சிதம்பரம் என்று நந்தனைத் தடுக்கிற ஆள். மேலே இருப்பவனும் தடுக்கிறான், கூட இருப்பவனும் தடுக்கிறான். அத்தனை பாத்திரத்தையும் ஒரே ஆள் நின்று பாடணும். கதாகாலட்சேபம் என்றால் அதுதான். வேஷம் கிடையாது, திரை கிடையாது. மெட்டு மாறினால் ஆள் மாறிவிட்டது என்று அர்த்தம்.

வருகலாமோ என்ற கீர்த்தனையைக் கேட்டிருக்கிறீர்களா? மாஞ்சி ராகத்தில் மெதுவாகப் பாடுவார்கள். உள்ளே வரலாமா என்று நந்தன் கேட்கிற பாட்டு. கச்சேரியில் தனிப் பாட்டாகக் கேட்டால் அழகான பக்திப் பாட்டு, அவ்வளவுதான். கதைக்குள் வைத்துக் கேளுங்கள். நிலச்சுவான்தாரின் திட்டையெல்லாம் வாங்கி, வயலைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி வந்த ஒருத்தன் வாசலில் நின்று கேட்கிற கேள்வி அது. பதில் தெரியாமல் கேட்கிறான். அந்த ராகமும் முடிவு சொல்லாமலே சுற்றிச் சுற்றி வருகிறது. ஹெட்போனில் மூணாவது முறை கேட்டபோதுதான் எனக்கு அது உறைத்தது. பஸ்ஸில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னப்பா ஆச்சு என்கிற மாதிரிப் பார்த்தார்.

இவ்வளவு செய்தவருக்கு அங்கீகாரம் சுலபமாகக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் புத்தகம் அச்சாக வேண்டும் என்றால் பெரிய புலவர் ஒருவர் சிறப்புப் பாயிரம் கொடுக்கணும். அப்போது மாயவரத்தில் இருந்தவர் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தமிழ் இலக்கணத்தின் சுப்ரீம் கோர்ட். பாரதியின் சாகித்தியத்திலோ இலக்கணப் பிழை நிறைய. பேச்சுவழக்கு தாராளமாக வரும், யாப்பு அங்கங்கே நொண்டும். பிள்ளைக்குப் பாயிரம் கொடுக்க மனசு வரவில்லை. நேரே முடியாது என்று சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். பாரதியும் விடாமல் நடந்துகொண்டே இருந்தார். நந்தன் கதையை எழுதியவருக்கே நாளை நாளை என்று ஆகிவிட்டது.

(இங்கிலீஷ் மீடியத்தில் படித்துவிட்டு, ஒற்று எங்கே மிகும் என்று இந்தக் கட்டுரைக்கே நண்பனிடம் கேட்டுக்கொண்டிருக்கிற எனக்கு, இந்த இடத்தில் பாரதி மேல் தனிப் பாசம் வந்துவிட்டது.)

ஒருநாள் மத்தியானம் பாரதி போனபோது பிள்ளை சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். எழுப்பக்கூடாது என்று பாரதி வெளியே உட்கார்ந்து, தனக்குத் தானே நந்தனார் பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தார். உள்ளே பிள்ளைக்கு முழிப்பு வந்தது. எழுந்து வரவில்லை, அப்படியே படுத்தபடி கேட்டார். தாளில் படித்தபோது பிழையாகத் தெரிந்த வரிகள் காதில் விழுந்தபோது அவரைக் கரைத்துவிட்டன. பாயிரம் கிடைத்தது. பிழைகளைத் திருத்தச் சொல்லிக் கேட்டதாக இல்லை.

எனக்கு இந்தச் சம்பவத்தில் பிள்ளையையும் பிடிக்கிறது. இலக்கணம் முக்கியம் இல்லை என்று அவர் கட்சி மாறவில்லை. இது வேறு ஜாதிச் சரக்கு, இதை அளக்க வேறு அளவுகோல் வேணும் என்று ஒப்புக்கொண்டார். அந்த உயரத்தில் இருப்பவர்களுக்கு அது லேசான காரியம் இல்லை.

புத்தகம் 1860-களின் தொடக்கத்தில் அச்சானது. அதற்கு உதவியவர் காரைக்காலில் அதிகாரியாக இருந்த சீசே என்ற பிரெஞ்சுக்காரர். காலட்சேபத்தைக் கேட்டு மயங்கியவர். ஒரு பிரெஞ்சுக்காரருக்கு இது ஒபேரா என்று புரிந்திருக்கும், ஆச்சரியம் இல்லை. அதன்பிறகு நந்தனார் சரித்திரம் பாரதியின் கையை விட்டுப் போய்விட்டது. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் அதைக் கதையாக நடத்திப் பெரும் பேர் வாங்கினார். நாடகக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. இயற்பகை நாயனார், திருநீலகண்ட நாயனார், காரைக்கால் அம்மையார் கதைகளையும் பாரதி பாடியிருக்கிறார், ஆனால் ஜனங்கள் பிடித்துக்கொண்டது நந்தனை.

எந்த அளவுக்கு என்றால், இங்கேதான் சுப்பிரமணிய பாரதி வருகிறார். சுயராஜ்யம் கேட்கிற இந்தியனைப் பார்த்து ஆங்கிலேய அதிகாரி ஒருவன் பாடுகிற மாதிரி அவர் ஒரு பாட்டு எழுதினார். மெட்டு? நந்தனைப் பார்த்து வேதியர் திட்டுகிற பாட்டின் மெட்டு. தலைப்பிலேயே அதைச் சொல்லிவிடுகிறார். உனக்கெல்லாம் சிதம்பரமா என்ற இடத்தில் உனக்கெல்லாம் சுதந்திரமா. கேட்டவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது, மெட்டு காதில் விழுந்த உடனே யார் பண்ணை, யார் ஆள் என்று தெரிந்துவிடும். ஹீரோவின் பாட்டு ஹிட் ஆவது சகஜம். வில்லன் பாட்டை அடுத்த தலைமுறை அரசியல் ஆயுதமாக எடுத்துக்கொள்வது சகஜம் இல்லை.

சினிமாவும் விடவில்லை. 1935-இல் வந்த படத்தில் நந்தனாராக நடித்தது கே.பி.சுந்தராம்பாள். ஒரு பெண் நந்தனார், சம்பளம் ஒரு லட்ச ரூபாய். வேதியராக வந்தவர் சங்கீத மேதை மகாராஜபுரம் விசுவநாதையர். இத்தனை செலவழித்து எடுத்த படத்தில் நன்றாக நடித்தவை பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும்தான் என்று கல்கி விமர்சனம் எழுதியது தனிக் கதை. மீம் போடுவதை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று நினைக்க வேண்டாம். 1942-இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனார், செருகளத்தூர் சாமா வேதியர்.

இதுவரை எழுதியது எல்லாம் சந்தோஷமாக எழுதினேன். இனி ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை இல்லை. நாற்பது வேலி கண்டிஷன் என்ன ஆனது? சிவகணங்கள் வந்து ஒரே ராத்திரியில் வேலையை முடித்துவிடுகிறார்கள். காலையில் கதிர் முற்றி நிற்கிறது. வேதியர் அரண்டுபோய் நந்தன் காலிலேயே விழுகிறார். பிராமண முதலாளி பண்ணையாள் காலில் விழுகிற காட்சியை 19-ஆம் நூற்றாண்டில் ஒரு பிராமணர் எழுதியிருக்கிறார், அது பெரிய விஷயம். ஆனால் அப்படிக் காலில் விழுந்த பிறகும் சிதம்பரத்தில் நந்தன் நெருப்பில் இறங்கித்தான் உள்ளே போகணும். சேக்கிழாரிடம் இல்லாத வில்லனைச் சேர்க்கத் துணிந்தவர், சேக்கிழாரிடம் இருந்த நெருப்பை எடுக்கத் துணியவில்லை. இந்திரா பார்த்தசாரதி பின்னாளில் நந்தன் கதை என்ற நாடகத்தை எழுதியபோது அந்த நெருப்பைத்தான் பிடித்துக்கொண்டார். அவர் நாடகத்தில் அது அற்புதம் இல்லை, சதி.

1968 டிசம்பர் 25-ஆம் தேதி, பாரதி பிறந்த அதே நாகப்பட்டினம் வட்டாரத்தில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். எல்லாரும் விவசாயக் கூலிக் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதில் வந்த தகராறு. யாரும் முனிவராக எழுந்து வரவில்லை. நூறு வருஷம் முன்னால் எழுதிய பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லலாம்தான். ஆனால் அந்த நெருப்புக் காட்சியை இப்போது கேட்கும்போதெல்லாம் எனக்கு வெண்மணி குறுக்கே வருகிறது. கேட்பதை நிறுத்தவும் முடியவில்லை.

மறுபடியும் மாயவரத்துக்குப் போவோம். 1871. பாரதிக்கு வயது அறுபது. குரல் தளர்ந்துவிட்டது, பெயர் மட்டும் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. மகாவித்வானிடம் தமிழ் படிக்க 16 வயதுப் பையன் ஒருவன் அந்த ஊருக்கு வருகிறான், பெயர் சாமிநாதன். அவன் அப்பாவும் சங்கீதக்காரர், பாரதியை அறிந்தவர். அதனால் பகலில் பிள்ளையிடம் இலக்கியம், மற்ற வேளையில் பாரதியிடம் பாட்டு என்று ரெண்டு கிளாஸ் ஓடியது. கொஞ்ச நாளில் பிள்ளைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பாட்டில் புத்தி போனால் இலக்கியத்தில் நிற்காது என்பது அவர் கட்சி. வாசலில் பாடிய ஒருவரிடம் கரைந்துபோய்ப் பாயிரம் கொடுத்தவர்தான் இதையும் சொன்னார். பையன் பாட்டு கிளாஸை நிறுத்திவிட்டான். பாரதிக்கு அது வருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

எண்பதைத் தாண்டி வாழ்ந்தார் பாரதி, 1896-இல் மறைந்தார். அதற்குள் அந்தப் பையன் சீவகசிந்தாமணியையும் பத்துப்பாட்டையும் சிலப்பதிகாரத்தையும் ஓலையிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்து உ.வே.சாமிநாதையர் ஆகியிருந்தார். வயதான பிறகு அவர் கோபாலகிருஷ்ண பாரதியார் என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். மாயவரத்து மத்தியானம், மூடிய கதவு, வெளியே தனியாகப் பாடிக்கொண்டிருந்த கிழவர் என்று இந்தக் கட்டுரையில் நான் சொன்னதில் முக்கால்வாசி நமக்கு வந்து சேர்ந்தது, பாட்டு கிளாஸிலிருந்து பாதியில் நின்றுபோன அந்த மாணவர் மூலமாகத்தான்.